ஊசி போட்ட பிறகும் கோமாரி வந்தது ஏன்?

கேள்வி: எங்களிடம் இரண்டு கலப்பினக் கறவை மாடுகள் இருக்கின்றன. மகளிர் குழுக் கடனில் ஒன்றரை வயதுக் கிடேரி ஒன்றைச் சந்தையில் வாங்கினோம். வாங்கி வந்த நான்காம் நாள் ஊரில் தடுப்பூசி முகாம். மூன்றுக்கும் கோமாரி ஊசி போட்டோம். ஊசி போட்ட ஒன்பதாம் நாள் கிடேரிக்கு வாயில் நுரை, காலில் புண். கறவை மாடுகளுக்கு ஒன்றும் இல்லை. ஊசி போட்ட இடத்தில் கிடேரிக்கு எலுமிச்சம்பழம் அளவு கட்டி வேறு. பக்கத்து வீட்டில் ஊசியே போடாத நாட்டு மாடு நன்றாக இருக்கிறது. ‘ஊசிதான் நோயைக் கொடுத்தது, அடுத்த முகாமுக்கு மாட்டை ஓட்டிப் போக மாட்டோம்’ என்று தெருவில் எல்லோரும் பேசுகிறார்கள். கிடேரி பிழைத்துக்கொண்டது. ஆனால் மெலிந்து நிற்கிறது. உண்மையில் என்னதான் நடந்தது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: இதே சந்தேகம் பல ஊர்களில் இருக்கிறது. இந்த ஒரு சந்தேகத்தால் ஒரு தெருவே அடுத்த முகாமைத் தவிர்த்தால், இழப்பு ஒரு கிடேரியோடு நிற்காது. எனவே இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் சுருக்கமான பதில். கோமாரி ஊசியால் கோமாரி வராது. அந்த மருந்தில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். அது உடலுக்குள் பெருகாது. கோமாரி வைரஸ் உடலில் நுழைந்து அறிகுறி வெளியே தெரிய 2 நாள் முதல் 14 நாள் வரை ஆகலாம். அந்தக் கிடேரி சந்தையிலிருந்து வந்து 13ஆம் நாள் நோயைக் காட்டியிருக்கிறது. பல ஊர் மாடுகள் கூடும் சந்தையிலேயே அது வைரஸை வாங்கி வந்திருக்கலாம், அல்லது வழியில் ஏற்றி வந்த வண்டியில் தொற்றியிருக்கலாம். ஊசி வேலை செய்யத் தொடங்கும் முன்பே நோய் முந்திக்கொண்டது.

அப்படியானால் ஊசி வேலை செய்ய எத்தனை நாள் ஆகும்? முதல் முறையாக ஊசி போடும் மாட்டுக்கு நம்பத்தகுந்த பாதுகாப்பு வர பொதுவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த நாட்களில் மாட்டின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்துவிட்டால், கட்டி ஏன் வந்தது, கறவை மாடுகள் ஏன் தப்பின, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

டி செல் என்னும் மேஸ்திரி

மாட்டின் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை டி செல். மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் நூறு டி செல்களை வரிசையாக அடுக்கலாம். கன்றின் கழுத்தின் இருபுறமும் நெஞ்சுக்குள்ளும் ஓடும் தைமஸ் என்ற சுரப்பியில் இவை பக்குவப்படுகின்றன. அதனால்தான் அந்தப் பெயர்.

டி செல்களில் வேலைப் பிரிவினை உண்டு. ஒரு பிரிவு, வைரஸ் புகுந்துகொண்ட செல்லைத் தேடிக் கொல்லும். இன்னொரு பிரிவு தானாகச் சண்டை போடாது. கட்டட வேலையில் மேஸ்திரி போல, மற்ற செல்களை வேலை வாங்கும். நோய்க்கிருமியை மடக்கும் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்குவது பி செல் என்ற வேறொரு வெள்ளை அணு. ஆனால் மேஸ்திரி டி செல்லின் சம்மதம் கிடைத்தால்தான் பி செல் நல்ல தரமான புரதத்தை, நிறைய, நீண்ட நாளுக்கு உண்டாக்கும். கோமாரியைத் தடுப்பது பெரும்பாலும் இந்தப் புரதம்தான்.

ஆனால் மேஸ்திரி சும்மா எழுந்துகொள்வதில்லை. டி செல்லின் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான வகை மூலக்கூறுகள் முளைகள் போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த முளை எதைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தே டி செல் விழிப்பதும், பெருகுவதும், அடங்குவதும் நடக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளலாம். மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். ஒருமுனை மட்டும் வரும்போது சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமும், ஓடாது. விட்டுவிட்டால் காயில் கருகிவிடும். டி செல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

முதல் முனை: அடையாளம்

ஊசி மருந்து தசைக்குள் போனதும் அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் அதை விழுங்குகின்றன. உடைத்துத் துண்டாக்கி, ஒரு துண்டைத் தன் மேற்பரப்பில் உள்ள தாம்பாளம் போன்ற ஒரு புரதத்தில் வைத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கட்டிக்குப் போகின்றன. அங்கே ஆயிரக்கணக்கான டி செல்கள் வந்து வந்து அந்தத் தட்டைத் தடவிப் பார்க்கும். ஒவ்வொரு டி செல்லும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் அடையாளம் காணும். வடிவம் பொருந்தும் செல் மட்டும் அங்கே நின்றுவிடும். சிடி-4 என்ற இன்னொரு மேற்பரப்பு மூலக்கூறு தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்.

டி செல்லுக்குக் கிருமியின் துண்டு மட்டும் போதாது, அது தன் உடலின் தட்டில் வைத்துக் காட்டப்பட வேண்டும் என்பதை 1970களில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கண்டுபிடித்தவர்கள் பீட்டர் டோஹர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் என்ற இருவர். 1996இல் இதற்காக மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். இவர்களில் டோஹர்ட்டி படித்தது கால்நடை மருத்துவம்.

மாடுகளில் இந்தத் தட்டுக்கான மரபணுக்கள் 23ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. அவற்றில் பல நூறு வகைகள் உண்டு. ஒரு மாட்டின் தட்டில் நன்றாகப் பொருந்தி உட்காரும் கிருமித் துண்டு இன்னொரு மாட்டின் தட்டில் சரியாக உட்காராமல் போகலாம். ஒரே தொழுவத்தில், ஒரே நாளில், ஒரே பாட்டிலில் இருந்து ஊசி போட்டாலும் எல்லா மாட்டுக்கும் ஒரே அளவு பாதுகாப்பு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் முனை: சம்மதம்

அடையாளம் பொருந்திவிட்டது. டி செல் உறும ஆரம்பிக்கிறது. இந்த இடத்தில் டி செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி-28 என்ற மூலக்கூறு, காவல் செல்லின் மேற்பரப்பில் தனக்கு இணையான சிடி-80 அல்லது சிடி-86 இருக்கிறதா என்று துழாவுகிறது. இருந்தால் இரண்டும் கோத்துக்கொள்ளும். டி செல் விழித்துவிடும். இல்லாவிட்டால் டி செல் பின்வாங்கிவிடும். சில சமயம் அதே கிருமியை மறுபடி கண்டாலும் எழுந்திருக்காத அளவுக்குச் செயலற்றுப் போய்விடும். இதுதான் ஒருமுனை மின்சாரத்தில் காயில் கருகும் நிலை.

ஏன் இப்படி ஒரு கூடுதல் கட்டுப்பாடு? மாட்டின் உடலில் தன் சொந்தப் புரதத் துண்டுகளும் தட்டில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அடையாளம் மட்டும் போதும் என்றால் டி செல்கள் சொந்த உடலையே தாக்கத் தொடங்கிவிடும். எனவே ‘ஆபத்து’ என்று காவல் செல் உணர்ந்தால் மட்டுமே அதன் மேற்பரப்பில் சிடி-80, சிடி-86 மூலக்கூறுகள் அதிகமாக முளைக்கும்.

கொல்லப்பட்ட வைரஸ் அசைவில்லாதது. அதைப் பார்த்துக் காவல் செல்லுக்குப் பெரிய ஆபத்து உணர்வு வராது. அதனால்தான் கோமாரி மருந்தில் எண்ணெய் போன்ற துணைப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஊசி போட்ட இடத்தில் சிறிய உறுத்தலை உண்டாக்கும். காவல் செல்கள் அங்கே கூடும், அவற்றின் மேற்பரப்பில் இரண்டாம் முனைக்கான மூலக்கூறுகள் முளைக்கும். மருந்தும் அந்த இடத்திலேயே தங்கி மெல்ல மெல்ல வெளியேறும்.

வாசகி கேட்டிருக்கும் எலுமிச்சம்பழக் கட்டி பெரும்பாலும் இதுதான். அது நோயின் அடையாளம் அல்ல, ஊசி வேலையைத் தொடங்கியதன் அடையாளம். பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். கட்டியைக் கீறவோ, சூடு வைக்கவோ, சுண்ணாம்பு தடவவோ கூடாது. தொட்டால் கொதிப்பாக இருந்தாலோ, சீழ் கட்டினாலோ மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊசி போட்ட பிறகு ஓரிரு நாள் பால் குறைவதும் லேசான காய்ச்சலும் இதே காரணத்தால்தான்.

மூன்றாம் முனை: வளர்ச்சி

விழித்த டி செல் ஒன்று மட்டும் என்ன செய்ய முடியும்? அது பெருக வேண்டும். விழித்ததும் டி செல் தன் மேற்பரப்பில் சிடி-25 என்ற புதிய வாங்கியை முளைக்க வைக்கிறது. கூடவே இன்டர்லூகின்-2 என்ற வளர்ச்சிப் பொருளைத் தானே சுரக்கிறது. சுரந்ததைத் தானும் அக்கம்பக்கத்துச் செல்களும் இந்த வாங்கி வழியாக வாங்கிக்கொண்டு இரண்டு இரண்டாகப் பிரிகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்து முறை பிரிந்தால் ஒரு செல் 1,024 ஆகிவிடும். பதினைந்து முறை பிரிந்தால் 32,768. நெல்லில் ஒற்றை நாற்று தூர் கட்டுவதை நினைத்தால் இதன் வேகம் புரியும்.

இப்படிப் பெருகிய பிறகுதான் பி செல்களுக்கு உத்தரவு போகும். அவை பெருகி, புரதம் சுரந்து, ரத்தத்தில் போதிய அளவு சேர வேண்டும். அந்த இரண்டு மூன்று வாரம் இதற்குத்தான். வேலை முடிந்ததும் பெரும்பாலான டி செல்கள் மடிந்துவிடும். கொஞ்சம் மட்டும் நினைவுச் செல்களாகத் தங்கும். அடுத்த முறை அதே கிருமி வந்தால் இவை வாரக்கணக்கில் காத்திருக்காது, சில நாட்களிலேயே எழுந்துவிடும்.

வாசகியின் இரண்டு கறவை மாடுகள் தப்பியதன் காரணம் இங்கே இருக்கிறது. அவை முந்தைய முகாம்களிலும் ஊசி போட்டுக்கொண்ட மாடுகளாக இருந்தால், அவற்றின் உடலில் நினைவுச் செல்களும் புரதமும் ஏற்கெனவே இருந்திருக்கும். ஒரே தொழுவத்தில் நோய் கண்ட கிடேரி நின்றும் அவை தாங்கிக்கொண்டன என்றால், ஊசி தோற்றது என்று சொல்ல முடியாது. அந்தத் தொழுவத்தில் ஊசி இரண்டு மாடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. முந்தைய ஊசி எதுவும் தெரியாத கிடேரியைத்தான் நோய் பிடித்தது.

பக்கத்து வீட்டு நாட்டு மாடு? அதன் பக்கம் வைரஸ் போகாமல் இருந்திருக்கலாம். நாட்டு மாடுகளில் கோமாரி பெரும்பாலும் லேசாக வந்து கவனிக்கப்படாமல் போவதும் உண்டு. சுற்றியுள்ள மாடுகள் எல்லாம் ஊசி போட்டிருந்ததால் நோய் பரவ வழியில்லாமல் அது தப்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அடுத்த முகாமில் தெருவே ஊசியைத் தவிர்த்தால் இந்த மூன்றாவது பாதுகாப்பு அந்த மாட்டுக்கும் இருக்காது.

தடை போடும் ரிலே

மோட்டாருக்கு ஓவர்லோடு ரிலே இருப்பது போல டி செல்லுக்கும் தடைகள் உண்டு. வேலை முடிந்ததும் அடங்க வேண்டும் அல்லவா? அதற்காக சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற மூலக்கூறுகள் டி செல்லின் மேற்பரப்பில் முளைக்கின்றன. சிடிஎல்ஏ-4, சிடி-28 கோக்க வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். பிடி-1 தனக்கு இணையான மூலக்கூறைத் தொட்டதும் டி செல்லை மந்தமாக்கும். இந்தத் தடைகளைப் புரிந்துகொண்டு புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வழி காட்டியதற்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

மாடுகளுக்கு இதில் என்ன? நாள்பட்ட நோயோடு வாழும் மாட்டில் டி செல்கள் ஓயாமல் தூண்டப்பட்டு, பிடி-1 நிரந்தரமாக முளைத்து, களைத்துப் போய்விடுகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாட்டு ரத்தப் புற்றுநோய் வைரஸ் தொற்றிய மாடுகளில் இதைக் கண்டார்கள். அந்தத் தடையை மறைக்கும் மருந்தை மாடுகளுக்குக் கொடுத்துச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அந்த மருந்து கிராமத்துத் தொழுவத்துக்கு வர நாளாகும். ஆனால் அதில் உள்ள பாடம் இன்றே பயன்படும்: உடலில் ஏற்கெனவே நோயைச் சுமக்கும் மாடு, ஊசிக்கு முழுமையாகப் பதில் சொல்லாமல் போகலாம்.

புழுக்களும் அப்படித்தான். மாட்டுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கக் கழுத்துத் தோலில் மருந்து செலுத்தி, 72 மணி நேரம் கழித்துத் தோல் தடித்திருக்கிறதா என்று அளப்பார்கள். அந்தத் தடிப்பு முழுக்க முழுக்க டி செல்களின் வேலை. கண்ணுக்குத் தெரியாத டி செல்லின் நினைவைக் கையால் தொட்டுப் பார்க்கும் சோதனை அது. இங்கிலாந்து, வேல்ஸ் பால் பண்ணைகளைப் பற்றி 2012இல் வெளியான ஓர் ஆய்வு, ஈரல் தட்டைப்புழு பரவிய இடங்களில் இந்தச் சோதனை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயைக் காட்டாமல் விட்டுவிடுவதாக மதிப்பிட்டது. தட்டைப்புழு டி செல்களின் போக்கையே மாற்றிவிடுகிறது. குளக்கரை, வாய்க்கால் ஓரம் மேயும் மாடுகளுக்கு இங்கும் தட்டைப்புழுத் தொல்லை அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

வெக்கைக்குப் போதியது கோமாரிக்குப் போதாதது ஏன்?

பெரியவர்கள் இன்னொன்றும் கேட்பார்கள். அந்தக் காலத்து வெக்கை நோய்க்கு ஒரே ஊசி போதும் என்றார்களே, கோமாரிக்கு மட்டும் ஏன் ஆறு மாதத்துக்கு ஒரு முறை?

வெக்கை நோய் ஊசியில் இருந்தது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது செல்லுக்குள் புகுந்து கொஞ்சம் பெருகும். காவல் செல்கள் உண்மையான ஆபத்தை உணரும். மூன்று முனையும் பலமாகக் கிடைக்கும். நினைவுச் செல்கள் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். அந்த ஊசியின் பலத்தால்தான் வெக்கை நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோமாரி ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். அது தரும் தூண்டுதல் குறைவு, நினைவும் குறுகியது. போதாததற்குக் கோமாரி வைரஸில் உலகில் ஏழு வகை உண்டு. இந்தியாவில் போடும் ஊசியில் ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வகைக்கும் மருந்து இருக்கிறது. ஒரு வகைக்கு எழும் டி செல்லும் புரதமும் இன்னொரு வகைக்கு அவ்வளவாக உதவாது. 2019இல் தொடங்கிய தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாக ஊசி போடுவது இதனால்தான்.

முகாமுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

முதல் முனையைப் பார்த்துக்கொள்வது மருந்தும் ஊசி போடுபவரும். மற்ற இரண்டு முனையும் மாட்டின் உடல்நிலையைப் பொறுத்தவை. அது வளர்ப்பவர் கையில் இருக்கிறது.

முகாமுக்கு 15 நாள் முன்பே குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும். தட்டைப்புழுத் தொல்லை உள்ள பகுதியில் அதற்கு உரிய மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். எல்லாப் புழு மருந்தும் தட்டைப்புழுவைக் கொல்லாது.

சந்தையில் வாங்கிய மாட்டைக் குறைந்தது மூன்று வாரம் தனியாகக் கட்ட வேண்டும். தீவனத் தொட்டி, தண்ணீர் வாளி எல்லாம் தனி. வாங்கிய மாட்டுக்குப் பயணக் களைப்பும் புது இடத்து மிரட்சியும் இருக்கும். அந்தக் களைப்பில் உடல் சுரக்கும் பொருள்கள் டி செல் பெருகுவதைத் தடுக்கும். மாட்டின் காதில் வில்லை இருந்தால், அதில் உள்ள 12 இலக்க எண்ணை வைத்து முன்பு ஊசி போட்ட விவரத்தை மருந்தகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

காய்ச்சல், கழிச்சல், மடிநோய் உள்ள மாட்டை முகாமில் மறைக்கக் கூடாது. அண்மையில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு மருந்து, டி செல் இன்டர்லூகின்-2 சுரப்பதையே குறைத்துவிடும். அதாவது மூன்றாம் முனை கிடைக்காது.

மாட்டைக் காலையில் வெயில் ஏறும் முன் ஓட்டிப் போக வேண்டும். வெயிலில் மூச்சிரைக்க நிற்கும் மாடு ஊசியை நன்றாக ஏற்காது. மருந்துக்கும் வெயில் ஆகாது. கோமாரி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும், உறையவும் விடக் கூடாது. மாடுகள் நேரத்துக்கு வந்துவிட்டால் பனிப்பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறந்து மூட வேண்டியிருக்காது.

ஊசி போட்ட மூன்று வாரமும் தீவனத்தைக் குறைக்கக் கூடாது. லட்சக்கணக்கில் செல்கள் பெருகப் புரதம் வேண்டும். துத்தநாகம், செம்பு போன்ற தாதுக்களும் வேண்டும். பசுந்தீவனத்தோடு வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா ஏதாவது ஒன்று கொஞ்சம் சேர்க்கலாம். கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் கொடுக்கலாம். இந்த மூன்று வாரத்தில் மாட்டைச் சந்தைக்கோ, வேறு ஊர் மேய்ச்சலுக்கோ ஓட்டக் கூடாது.

முதல் முறையாக ஊசி போட்ட கன்று, கிடேரிகளுக்கு ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி கட்டாயம் போட வேண்டும். முதல் ஊசி டி செல்லை அடையாளம் காண வைக்கிறது. ஊக்க ஊசிதான் நினைவை ஆழப்படுத்துகிறது. பல வீடுகளில் விட்டுப்போவது இந்த ஒன்றுதான்.

நோய் கண்ட கிடேரியைப் பொறுத்தவரை, குணமானதும் அடுத்த ஊசி எப்போது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். அதுவரை அதைத் தனியாக வைத்து, நல்ல தீவனம் கொடுத்துத் தேற்ற வேண்டும். தொழுவத்தை 4 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலால் கழுவ வேண்டும். கறவை மாட்டுக்குக் கோமாரி வந்தால் அதன் பாலைக் கன்றுக்கு ஊட்டக் கூடாது. இளங்கன்றின் இதயத்தை இந்த வைரஸ் தாக்கும். வெளியே புண் எதுவும் தெரியாமலே கன்று திடீரென்று விழுந்து இறந்துவிடும்.

கேள்வி: கன்றுக்கு எந்த வயதில் முதல் ஊசி போடலாம்? பிறந்ததுமே போட்டால் என்ன?

– வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: கோமாரிக்கு முதல் ஊசி நான்கு மாதம் முடிந்ததும் போட வேண்டும். ஊக்க ஊசி அதிலிருந்து ஒரு மாதத்தில். அதற்கு முன் போட்டால், சீம்பாலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதமே ஊசி மருந்தை மறைத்துவிடும். கன்றின் சொந்தச் செல்கள் விழிக்காது.

அந்த நான்கு மாதமும் கன்றைக் காப்பது சீம்பால்தான். பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் ஊட்ட வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், பல தடவையாகக் கொடுக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருந்தால் நேரம் கடந்துவிடும்.

இளங்கன்றின் ரத்தத்தில் இயற்கையே இன்னொரு ஏற்பாட்டையும் செய்திருக்கிறது. காமா-டெல்டா என்ற தனி வகை டி செல்கள் மனிதரைவிடக் கன்றுகளில் பல மடங்கு அதிகம். வயது ஏற ஏறக் குறையும். இவற்றில் பலவற்றின் மேற்பரப்பில் டபிள்யூசி-1 என்ற மூலக்கூறு இருக்கிறது. மாட்டில் இதற்கு 13 மரபணுக்கள் உண்டு. எலிக்காய்ச்சல் கிருமி போன்ற சிலவற்றை இது நேராகவே தொட்டு அடையாளம் காண உதவுகிறது. பால் குடிக்கும் கன்று பசியோடு மெலிந்தால் தைமஸ் சுரப்பியும் சுருங்கும். கன்றுக்குப் பாலைக் குறைத்துச் சொசைட்டிக்கு ஊற்றும் அரை லிட்டர், பின்னால் மருத்துவச் செலவாகத் திரும்பி வரும்.

கேள்வி: கலப்பின மாட்டுக்கு 105 டிகிரி காய்ச்சல், தோள்பட்டைக்கு முன்னால் கட்டி. தைலேரியா என்றார்கள். உண்ணி கடித்ததற்குக் கட்டி எப்படி வரும்?

– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: அந்தக் கட்டி வீங்கிய நிணநீர்க் கட்டி. மேலே சொன்ன மூன்று முனை விதியை முறியடிக்கும் கிருமி தைலேரியா. உண்ணியின் எச்சிலோடு உள்ளே போய், வெள்ளை அணுவுக்குள்ளேயே குடியேறிவிடும். ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு மோட்டாருக்கு நேராகக் கம்பி கொடுத்தது போல, எந்தச் சம்மதமும் இல்லாமல் அந்த அணுவைப் பெருக வைக்கும். அணு பிரியும்போது கிருமியும் சேர்ந்தே பிரியும். இப்படிக் கெட்டுப்போன அணுக்கள் பக்கத்து டி செல்களையும் தாறுமாறாகத் தூண்டிவிடும். டி செல்கள் கிருமியைக் குறிபார்க்காமல் வீணாகப் பெருகும். கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள இதன் பங்காளி வகை ஒன்று டி செல்லுக்குள்ளேயே புகுந்து, அதன் வளர்ச்சி வாங்கியை எப்போதும் முளைத்த நிலையிலேயே வைத்துவிடும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கிருமியைக் கொன்றால் அந்த அணுக்கள் பெருகுவது நின்றுவிடும். பூபார்வகோன் என்ற மருந்தை நோயின் தொடக்கத்திலேயே மருத்துவர் போட்டுவிட்டால் மாடு பிழைத்துக்கொள்ளும். கண்ணின் உள்தோல் வெளுத்து, மாடு படுத்த பிறகு கூப்பிட்டால் கடினம். எனவே வெயில் காலத்தில் உண்ணி உள்ள கலப்பின மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால், தோளுக்கு முன்னால் இருபுறமும் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் அன்றே 1962 என்ற எண்ணுக்கு அழைக்கலாம் அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம்.

திருவண்ணாமலை வாசகி தன் தெருவில் சொல்ல வேண்டியது இதுதான்: கிடேரிக்கு நோய் வந்தது ஊசியால் அல்ல, ஊசி தாமதமானதால். அடுத்த முகாம் நாளை இன்றே நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்கு 15 நாள் முன்பு புழு மருந்து வாங்க வேண்டும். மெலிந்து நிற்கும் அந்தக் கிடேரி தேறி, முறையாக ஊசி போட்டுக்கொண்டு, சினை பிடித்து, கன்று ஈன்று அந்தக் கடனை அடைக்க இன்னும் காலம் இருக்கிறது.